பழசுல வருது, புதுசுல வரல

அந்த ஆபீசில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளியிலிருந்து மூன்றாம் மாடி மேனேஜர் வரை அத்தனை பேருக்கும் அவள் விஸ்டில் அக்கா. மேனேஜர் நேரில் பார்த்தால் 'மேடம்' என்பார். அந்தப் பக்கம் திரும்பியதும் அவருக்கும் விஸ்டில் அக்காதான்.

விஸ்டில் என்றால் என்னவோ ஏதோ என்று மிரள வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ரத்தம் எடுக்கிறார்கள். அதைப் பரிசோதிக்கிற லேப் எங்கேயோ இருக்கிறது. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் லேபின் கம்ப்யூட்டருக்கு ஒரு வேண்டுகோள் அனுப்ப வேண்டும். எடுத்தவுடன் அனுப்பிவிட முடியுமா? முதலில் விசாரிக்கும். 'உனக்கு என்னென்ன விவரம் தரணும்? எந்த வாசல்ல வந்து தரணும்?' என்று கேட்கும். லேபின் கம்ப்யூட்டர் பதிலுக்கு ஒரு விவரத் தாளை நீட்டும். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு நான்கு ஆங்கில எழுத்தைத் தட்டினால் அந்தத் தாள் வந்து விழும். நான்கு எழுத்தையும் தனித்தனியாகச் சொல்லப் பொறுமை இல்லாத கம்ப்யூட்டர்காரர்கள் அதை ஒரே மூச்சில் விஸ்டில் ஆக்கிவிட்டார்கள். தாள் வந்தால் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். வராவிட்டால் அக்காவுக்குப் போன் வரும்.

இருபத்திரண்டு வயதில் அந்தக் கம்பெனியின் முதல் லேபில் தட்டச்சு வேலைக்கு வந்தவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி வளர்ந்து லேபுகளையும் ஆஸ்பத்திரிகளையும் கம்ப்யூட்டரில் இணைக்கக் கிளம்பியபோது, எந்தக் கட்டத்தில் என்ன வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான் என்று இணைப்பு மேசையில் உட்கார வைத்தார்கள். தடித்தடியாக இரண்டு புத்தகமும், போனில் வாங்கிய திட்டும்தான் அவளுக்கு வாத்தியார். இப்போது வயது நாற்பத்தொன்பது. பதினான்கு லேப், முப்பத்தோரு ஆஸ்பத்திரி, அத்தனையும் அவள் மேசை வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன.

ஒவ்வொரு ஆஸ்பத்திரி புரோகிராமின் குணமும் அவளுக்கு அத்துப்படி. "அந்தக் கண் ஆஸ்பத்திரி இருக்கே, அது பெரிய எழுத்துலதான் கேக்கும், சின்ன எழுத்துல பதில் சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கும். எலும்பு ஆஸ்பத்திரி ஒரு நாளைக்கு நூறு தடவை விவரம் கேக்கும், ஞாபக மறதி ஜாஸ்தி," என்பாள். கோபம் சிலருக்கு மூக்கு நுனியில் இருக்கும், அக்காவுக்கு அதற்கும் ஒரு விரற்கடை முன்னால் இருந்தது. அவள் போனில் பேசினால் கீழ் மாடிக்குத் தனியாகத் தகவல் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நாள் முழுக்க வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதி எழுதி, வீட்டுக்கு வந்தால் 'ம்' என்ற ஒரே எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் மனிதர். வெளியூரில் படிக்கும் மகன் போனை எடுக்கவே மாட்டான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர் அதில் ஒரு ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டி, 'தற்காலிகம்' என்றார். மூன்று மாதமாயிற்று. தினமும் காலையில் அந்தக் குழாயைப் பார்த்துத்தான் அக்கா கத்த ஆரம்பிப்பாள். "தற்காலிகம்னு சொன்னா உங்க ஊர்ல எத்தனை வருஷம்ங்க?"

"ம்."

இந்த நேரத்தில்தான் ஆபீசில் சர்வர் மாற்றம் வந்து சேர்ந்தது. லேபின் புரோகிராம் ஓடுகிற இயந்திரம் மொத்தம் மூன்று. பழைய சர்வர் ஒன்று, அதில்தான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பரிசோதித்துப் பார்க்க ஒன்று. புதிதாக வாங்கியது ஒன்று. மூன்றும் மூன்று கம்பெனிச் சரக்கு. ஒரே புரோகிராமை மூன்றிலும் ஏற்றினால் மூன்று விதமாக நடந்துகொள்ளும், ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி. மாதக் கடைசியில் பழசை நிறுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்குள் முப்பத்தோரு ஆஸ்பத்திரியும் புதுசில் ஓடியாக வேண்டும்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் இன்னொரு கம்பெனியிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து நான்கு வருஷமாக இங்கே இருப்பவன். முப்பத்தெட்டு வயது. கீழ் மாடி இயந்திர அறையில் ஏசி எலும்பைத் துளைக்கும் என்பதால் வெயில் கொளுத்தும் மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பான். அதனால் ஸ்வெட்டர் தம்பி. எது கேட்டாலும் "பாக்குறேன் அக்கா" என்பான். நிஜமாகவே பார்ப்பான், ஆனால் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல மாட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவதற்கு அந்தப் பாவிக்கு என்ன கேடு வந்ததோ.

திங்கட்கிழமை காலை மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் புதுசுல ஓடணும். ஓடலைன்னா அந்த ஸ்வெட்டர் ஆளை அவங்க கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டு வேற ஆளைக் கேப்பேன்." ஸ்வெட்டர் தம்பி கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

அன்றைக்கே முதல் கோணல். அக்கா புதுசின் முகவரியைத் தட்டி, கேள்விக்குறி போட்டு, விவரம் கேட்டாள். அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை என்று பதில் வந்தது. பழசில் கேட்டாள், தாள் டக்கென்று வந்தது. மறுபடி புதுசு. இல்லை. மறுபடி பழசு. வந்தது. அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. போனை எடுத்தாள்.

"தம்பி, பழசுல வருது, புதுசுல வரல."

"பாக்குறேன் அக்கா."

"என்னத்தைப் பாக்குறீங்க? நானும் காலையிலேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

சாயங்காலத்துக்குள் சரி செய்துவிட்டான். புது சர்வர் புரோகிராமின் பெயரை முகவரியில் நடுவில் ஒரு தரம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறதாம், அதை எடுத்துவிட்டானாம். இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் அவள் தொண்டை மிச்சமாகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை தாள் வந்தது. ஆனால் அதில் 'இந்த வாசலில் வந்து தட்டவும்' என்று எழுதியிருந்த முகவரி, இயந்திர அறைக்குள் அந்தச் சர்வரைக் கூப்பிடுகிற செல்லப்பெயர். வெளியே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும்? முப்பத்தோரு ஆஸ்பத்திரி புரோகிராமும் இல்லாத வீட்டைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தன. அக்காவின் மேசைப் போன் அடித்து ஓயவில்லை.

"தம்பி, பழசுல சரியான முகவரி வருது. புதுசுல வரல. பழசு இத்தனை வருஷமா ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் உயிரை வாங்கியிருக்கா? இது வந்து ரெண்டு நாள் ஆகல!"

"முன்வாசல்ல ஒரு சர்வர் இருக்கு இல்லையா அக்கா, வெளியே என்ன பேரு சொல்லணும்னு அது இதுக்குச் சொல்லல. நான் எழுதிடுறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு அவன் மேலும் பேசினான், அதிசயமாக. "அக்கா, பழசு எப்படித் தாள் கொடுக்குதுன்னு ஒரு தடவை பாத்துட்டா நல்லது. அந்த ஃபோல்டரைத் திறக்க உங்க அனுமதி வேணும்."

"பழசுல கை வைக்காதீங்க! ஓடுறதையும் கெடுத்துடாதீங்க, புண்ணியமா போகும்."

"சும்மா பாக்க மட்டும்தான் அக்கா."

"பாக்கவும் வேணாம்."

அன்று மத்தியானம் கேன்டீனில் அவன் அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான். டீயை ஆற்றிக்கொண்டே, இங்கிருந்து எடுத்தால் அவன் கம்பெனி ஒரு நாள் முழுக்க ரயிலில் போக வேண்டிய ஊருக்குத்தான் அனுப்பும் என்றான். மனைவி இங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிப்ட் வேலை. மகள் பத்தாவது எழுதுகிறாள். மனைவிக்கு இரவு ஷிப்ட் என்றால் பெண்ணுக்குத் துணை இவன்தான். அக்காவின் ஒரு காது அவன் பக்கம், இன்னொரு காது போனில். எலும்பு ஆஸ்பத்திரி அறுபதாவது தடவையாக விவரம் கேட்டுக்கொண்டிருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி, வேலையை ஒழுங்கா முடிங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

புதன்கிழமை விடிந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தாள் வந்தது, முகவரி சரி. இருபத்து நான்கு ஆஸ்பத்திரிகள் மளமளவென்று புதுசுக்கு மாறிவிட்டன. அக்கா நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்த அந்த நிமிடம் பார்த்து இருபத்தைந்தாவது திரும்பி வந்தது. இருபத்தாறும் வந்தது. மொத்தம் ஏழு ஆஸ்பத்திரிகள். அவை அனுப்பிய வேண்டுகோளையெல்லாம் புது சர்வர் 'ஒரு கட்டம் குறைகிறது' என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பியது.

அக்கா இரண்டு தாளையும் அச்செடுத்து, அளவுகோலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள். பழசின் தாளில் ஆஸ்பத்திரி தர வேண்டியவை மூன்று கட்டம்: நோயாளி எண், பரிசோதனையின் பெயர், ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயின் எண். புதுசின் தாளில் நான்கு. நான்காவதாக 'ரத்தம் எடுத்தவர் எண்' என்று ஒன்று, கட்டாயம் என்ற குறிப்போடு உட்கார்ந்திருந்தது. அக்கா இரண்டு தாளையும் கையில் சுருட்டிக்கொண்டு படியிறங்கி இயந்திர அறைக்கே போய்விட்டாள்.

"இது என்ன கூத்து தம்பி? உங்க சர்வர் சொந்தமா ஒரு கட்டத்தைச் சேத்துக்கிட்டு வருது!"

"சர்வர் சொந்தமா எதையும் சேக்காது அக்கா. புரோகிராம்ல இருக்கறதைத்தான் தாள்ல எழுதும்."

"அப்போ பழசு பொய் சொல்லுதா? இத்தனை வருஷமா ஏழு ஆஸ்பத்திரிக்கும் பொய் சொல்லிச்சா?"

அவன் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றான். அந்தச் சும்மா நின்றதுதான் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒரு 'ம்' போதாதா, ஆபீசில் அதுவும் கிடையாதா? மேலே வந்தாள். உட்கார்ந்தாள். மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டினாள், பிரதி ஆபீஸ் முழுவதற்கும். 'புதிய சர்வர் அமைப்பில் தொடர்ந்து மூன்று நாட்களாகப் பிழைகள். பொறுப்பாளருக்கு இந்த வேலைக்கான அனுபவம் போதாது. கேட்டால் விளக்கமும் இல்லை.' ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை அக்கா வந்ததே அவனை ஆதாரத்தோடு பிடிக்கத்தான். புரோகிராமையே திறந்து காட்டி, 'இதோ பாருங்க மூணு கட்டம், உங்க சர்வர்தான் நாலாக்குது' என்று மேனேஜர் முன்னால் மேசையில் போட வேண்டும் என்பது அவள் திட்டம். புரோகிராமைத் திறந்தாள். வேண்டுகோள் பகுதிக்கு வந்தாள். எண்ணினாள். நான்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். அதே நான்கு.

சரி, யாரோ சமீபத்தில் மாற்றியிருப்பார்கள் என்று, புரோகிராமில் யார் எப்போது கை வைத்தார்கள் என்ற வரலாற்றைப் பார்த்தாள். அந்தக் கட்டம் பன்னிரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. சோதனை சர்வரிடம் விவரம் கேட்டாள். அதிலிருந்து தாள் வருகிறதா என்று பலமுறை பார்த்திருக்கிறாளே தவிர, தாளில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. இப்போது படித்தாள். அதிலும் நான்கு.

புரோகிராம் நான்கு என்கிறது. சோதனை நான்கு என்கிறது. புதுசு நான்கு என்கிறது. மூன்று என்று சொல்வது பழசு ஒன்றுதான்.

அக்கா பழசின் ஃபோல்டரைத் திறந்தாள். ஸ்வெட்டர் தம்பி செவ்வாய்க்கிழமை பார்க்கக் கேட்ட அதே ஃபோல்டர். சர்வர் கேட்கும்போதெல்லாம் தாளைப் புதிதாக எழுதித் தர வேண்டும், அதுதான் முறை. இங்கே அப்படியில்லை. கையால் திருத்தின ஒரு தாள் ஆடாமல் அசையாமல் கிடந்தது. யார் கேட்டாலும் பழசு அதையே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. வைத்த தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை. வைத்தவர் என்ற இடத்தில் அவளுடைய பெயர், வருகைப் பதிவேட்டில் இருக்கிற அதே பெயர். தாளின் முதல் வரியில் அவளே தட்டியிருந்த குறிப்பு: 'தற்காலிகம். திங்கட்கிழமை எடுத்துடணும்.'

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி புதிதாகச் சேர்ந்த நேரம். அவர்கள் புரோகிராமில் ரத்தம் எடுத்தவர் எண்ணுக்கு இடமே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், வார்டில் குழாய்கள் காத்திருக்கின்றன, அவர்கள் ஆள் போனில் அழாத குறை. அக்கா அந்த நான்காவது கட்டத்தைத் தாளிலிருந்து கையால் வெட்டிவிட்டு, திருத்தினதைப் பழசில் போட்டாள். பழசு எது வந்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் ஜாதி, மூன்று கட்டம் வந்தாலும் வாங்கிக்கொண்டது. திங்கட்கிழமை வேறு எங்கேயோ தீப்பிடித்தது. அதற்கு முன்பே சேர்ந்த இருபத்து நான்கும் நான்கு கட்டத்தோடுதான் அனுப்பிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் வந்த ஆறு ஆஸ்பத்திரிகளும் அந்த வெட்டின தாளை நம்பித்தான் தங்கள் புரோகிராமை எழுதிக்கொண்டன. ஒன்பது வருஷமாக அந்த ஏழு இடத்திலிருந்தும் வருகிற குழாய்களில் யார் ரத்தம் எடுத்தது என்ற விவரமே இல்லாமல், லேப்காரர்கள் வார்டு வார்டாகப் போன் போட்டு, 'இந்த நர்சுங்களுக்குப் பொறுப்பே இல்ல' என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் சேர்ந்து திட்டியிருக்கிறாள், வாய் நிறைய.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்தாள், நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், புது சர்வர் மேல தப்பே இல்ல. தப்பு பழசுல. அதை வச்சது நான்." மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

மேனேஜர் கேட்டு முடித்தார். அவர் முகம் சுருங்கும் என்று பார்த்தாள், மலர்ந்தது. "அப்பாடா, காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல! அந்த ஏழு பேருக்காகப் பழசை இன்னும் மூணு மாசம் ஓட விட்டுக்கலாம், அதுக்குள்ள அவங்க திருத்திக்கட்டும். பிரச்சினை தீர்ந்துது."

"ஸ்வெட்டர் தம்பி..."

"அந்த ஆளை எடுத்தாச்சே மேடம்."

"எடுத்தாச்சுன்னா?"

"நேத்து நீங்க அனுப்பினதை அப்படியே அவங்க கம்பெனிக்கு அனுப்பினேன். இன்னைக்குக் காலையில ஆர்டர் போட்டுட்டாங்க. ஒரு நாள் ரயில்ல போற ஊராம், திங்கட்கிழமை அங்க ஜாயின் பண்ணணுமாம்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்னு சொன்னீங்களே சார்!"

"நீங்களே அனுபவம் போதாதுன்னு எழுதினப்புறம் வெள்ளிக்கிழமை என்ன, சனிக்கிழமை என்ன?" மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "விடுங்க மேடம். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை எதுக்குக் கிளறிக்கிட்டு? சர்வர் மாத்தும்போது இந்த மாதிரி ரெண்டு மூணு வரும்னு ரிப்போர்ட்ல எழுதிடலாம். உங்க பேரு வெளியே வராது."

பொய் சொல்வானேன், அந்த ஒரு நொடி அக்காவுக்கு நெஞ்சில் பாரம் இறங்கினாற்போல்தான் இருந்தது. இருபத்தேழு வருஷத்தில் ஒரு கறை கிடையாது. இப்படியே எழுந்து போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த நொடி தன் மேலேயே அவளுக்கு வந்த எரிச்சல், அதுவரை எந்தச் சர்வர் மேலும் வந்ததில்லை. வெளியே வந்து படியிறங்கினாள்.

இயந்திர அறையில் அவன் தரையில் உட்கார்ந்து, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று சின்னச் சின்னச் சீட்டில் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தான், அடுத்து வருகிறவனுக்காக. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"தம்பி, அந்தத் தாளை வச்சது நான்தான். நீங்க சொன்னதுதான் சரி. பழசு பொய் சொல்லிக்கிட்டு இருந்துது, நான் சொல்ல வச்ச பொய். என்னை மன்னிச்சுடுங்க."

அவன் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தான். பிறகு, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் குரல் உயர்ந்தது.

"மூணு சர்வரையும் மாத்தி மாத்திக் கேட்டீங்க. ஆயிரம் தடவை கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அக்கா? என்ன தம்பி நடக்குது, உங்களுக்கு என்ன தோணுதுன்னு? அந்த ஃபோல்டரைப் பாக்கணும்னு சொன்னேன். பாக்கவும் வேணாம்னீங்க. அப்புறம் கேட்டா விளக்கம் இல்லன்னு ஆபீஸ் முழுக்க எழுதுறீங்க."

அக்கா அந்தச் சீட்டை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

"ஆர்டர் வந்ததும் வீட்டுக்குப் போன் பண்ணினேன். என் வீட்டுக்காரி ஒரே கேள்விதான் கேட்டா. 'நீங்க என்ன தப்பு பண்ணீங்க?' எனக்கே தெரியல. அவளுக்கு என்னத்தைச் சொல்ல?"

மேலே வந்து அக்கா மின்னஞ்சல் தட்டினாள். முந்தின நாள் யார் யாருக்குப் போனதோ அத்தனை பேருக்கும். 'புதன்கிழமை நான் எழுதியது தவறு. பிழை புதிய சர்வரில் இல்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் நான் பழைய சர்வரில் வைத்து, எடுக்க மறந்த ஒரு கோப்பில் இருந்தது. சர்வர் பொறுப்பாளர் தம் வேலையைச் சரியாகச் செய்தார். பழைய கோப்பைப் பார்க்க அவர் அனுமதி கேட்டபோது நான் மறுத்தேன்.' இந்தத் தடவை நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள். ஆபீசில் டைப் அடிக்கிற சத்தம் நின்று போனது. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மனிதர் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார். வழக்கமான 'ம்' வரவில்லை.

"அந்த ஆளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா?"

"எல்லாருக்கும் எழுதிட்டேன்."

"எழுதினா கிடைச்சுடுமா?"



வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வந்து அறைக் கதவைத் திறந்தபோது அவள் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை.

"அந்த ஆர்டரை ரத்து பண்ணச் சொல்லி அவங்க கம்பெனிக்கு எழுதுங்க சார்."

"அதெல்லாம் லேசுப்பட்ட காரியம் இல்ல மேடம். வாடிக்கையாளர்ங்கற முறையில நாம எழுத்துல கேட்டாத்தான் பண்ணுவாங்க, அதுவும் இன்னைக்குள்ள. காரணம் வேற எழுதணும்."

"காரணம் நான்தானே? எழுதுங்க."

"உங்க பேரை எழுதினா அது தலைமை ஆபீசுக்குப் போகும். உங்க கையிலேர்ந்து சர்வர் அனுமதியெல்லாம் பிடுங்கிடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் இன்னொருத்தர் கையெழுத்து வாங்கிக்கிட்டு நிக்கணும். இருபத்தேழு வருஷம் கழிச்சு இது தேவையா?"

"பிடுங்கட்டும் சார். நீங்க கையெழுத்துப் போடாம நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

மேனேஜர் கெஞ்சினார், அதட்டினார், டீ வாங்கிக் கொடுத்தார். அக்கா டீயைக் குடித்துவிட்டு மறுபடி அதையே சொன்னாள். வெளியே அவள் மேசைப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எலும்பு ஆஸ்பத்திரிதான், வேறு யார்? அவள் அசையவில்லை. மூன்று மணிக்கு மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டு கடிதத்தைத் தட்டி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஐந்தேகாலுக்குப் பதில் வந்தது. ஆர்டர் ரத்து. அதே நாளில் அக்காவின் சர்வர் அனுமதியும் ரத்து.

திங்கட்கிழமை அக்கா ஆபீசுக்குச் சீக்கிரமே வந்தாள். புது சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஏழு ஆஸ்பத்திரிகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். புரோகிராமில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்றாள். "ஒன்பது வருஷம் கழிச்சு இப்ப வந்து சொல்றீங்களே, யாருங்க இந்த வேலையைப் பண்ணினது?" என்று அந்த முனையில் கத்தினார்கள். "நான்தாங்க," என்றாள். இன்னும் ஆறு பேரிடம் இதையே சொல்ல வேண்டும்.

பத்து மணிக்குக் கீழே போனாள். இயந்திர அறையில் விளக்கு எரிந்தது. ஸ்வெட்டர் போட்ட முதுகு தெரிந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"தம்பி, வந்துட்டீங்களா?"

அவன் திரும்பி, மரியாதையாக எழுந்து நின்றான்.

"வந்துட்டேன் மேடம். புது சர்வர்ல விவரம் சரியா வருது. முகவரியும் பாத்துட்டேன். வேற ஏதாவது பாக்கணுமா மேடம்?"

அக்கா வாசலிலேயே நின்றாள். கேட்க வேண்டியதெல்லாம் அவன் ஒழுங்காகச் சொல்லிவிட்டான், விளக்கமாக, குறையில்லாமல்.

"இல்ல," என்றாள். "வேற ஒண்ணும் இல்ல."

"சரி மேடம்," என்று அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் படியேறி வந்து இரண்டாவது ஆஸ்பத்திரியின் எண்ணைத் தட்டினாள்.